முதல் கடன் யார் கொடுத்தது?

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்தைத் திறந்து அதற்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தபோது நல்ல சண்டை ஒன்று நடந்தது. தெருப் பெயர்களில் உள்ள சாதியை எடுக்க அரசே ஆணை போட்ட அதே நாட்களில், பாலத்துக்கு மட்டும் 'நாயுடு' என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 'காலனி' என்ற சொல்லே அரசுப் பதிவேடுகளிலிருந்து போக வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் முதல்வர் அறிவித்ததை மனதில் வைத்துத்தான் நம் இளைஞர்களும் கேட்டார்கள். ஆனால் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை யாரும் பார்த்துவிடலாம். ஒருவரின் வாழ்க்கை வரலாற்றுக்குள் சாதி எங்கே நின்று வேலை செய்தது என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அதைத் தேடுவோம்.

தேட வேண்டிய அவசியமும் இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எந்த விடுதியில், எந்தப் பள்ளியில் 'தன்னம்பிக்கைப் பேச்சு' நடந்தாலும் ஜி.டி. நாயுடு வந்துவிடுகிறார். அவர் வராவிட்டால் ஸ்டீவ் ஜாப்ஸ் வருகிறார். இருவர் கதையும் ஒரே மாதிரி முடிக்கப்படுகிறது: அவருக்குப் படிப்பு இல்லை, பணம் இல்லை, உழைப்பு மட்டும் இருந்தது, உங்களால் ஏன் முடியாது? ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே அறையில் பலராகப் படுத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் என்னவாகத் தங்குகிறது? 'முடியாவிட்டால் குறை என்னுடையது' என்றே தங்குகிறது.

ஜி.டி. நாயுடு பெரிய மனிதர். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதுபோல் ஒன்று வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். பணம் சேர்த்தார், வண்டியை வாங்கினார், வாங்கியதை முழுக்கக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டினார். பிறகு மெக்கானிக். பஞ்சு வியாபாரம் செய்து சம்பாதித்து, பம்பாய் போய் அதையெல்லாம் இழந்து திரும்பினார். 1920-இல் ஒரே ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு வண்டிதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமானது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் அவர் உருவாக்கிய மின் மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுகிறது. சவர இயந்திரம், மலிவு விலை வானொலி, சிறிய கார் என்று கை வைக்காத பொருள் இல்லை. 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

இந்தக் கதையில் எல்லோருக்கும் பிடித்த இடம் ஓட்டல் சர்வர் வேலை. பேச்சாளர்கள் அங்கே கொஞ்சம் நிறுத்திக் கைதட்டலுக்கு இடம் கொடுப்பார்கள். நாமும் அங்கேதான் நிற்கிறோம், வேறு காரணத்துக்காக. 1910-களில் கோவை ஓட்டல் ஒன்றில் ஒரு பறையர் வீட்டுப் பையனுக்கோ அருந்ததியர் வீட்டுப் பையனுக்கோ சர்வர் வேலை கிடைத்திருக்குமா? சர்வர் வேலை கிடக்கட்டும். உள்ளே போய்க் காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்க முடியுமா? அந்தக் காலத்து ஓட்டல்களில் பஞ்சமருக்கு அனுமதி இல்லை என்பது ஒளிவுமறைவாக நடந்த காரியமல்ல. பலகை வைத்தே சொன்னார்கள். டீக்கடைத் தனிக் குவளை நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை காலம் நீடித்தது என்பதை இன்று ஐம்பது வயதுள்ள யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, வறுமையின் அடிமட்டம் என்று காட்டப்படும் சர்வர் வேலைகூட நம் தாத்தாக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

பஸ்ஸும் அப்படித்தான். பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் பிறகும் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் வழக்கம் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமத்தை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்ட பிறகுதான் அந்த ஜில்லாவில் நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் பஸ் தொழில் பிறந்த காலமும், அந்த பஸ்ஸில் ஏறி உட்காரவே நாம் போராடிய காலமும் ஒன்றுதான். நாயுடுவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே சாலையில் இரண்டு பேர் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று காட்டவே எழுதுகிறோம்.

பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் ஒன்றுண்டு. பம்பாயில் எல்லாம் இழந்து திரும்பிய நாயுடுவுக்கு 1920-இல் பஸ் வாங்கப் பணம் எப்படி வந்தது? கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையிடம் நாயுடு வேலை பார்த்தார். அவருடைய திறமையைக் கண்ட துரை கடன் கொடுத்தார். தோற்றுத் திரும்பிய ஒரு மனிதனை நம்பி இன்னொருவர் கொடுத்த கடன் அது. அமெரிக்காவிலும் இதே இடம் வருகிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் கல்லூரியைப் பாதியில் விட்டார், வீட்டுக் கார் கொட்டகையில் கம்ப்யூட்டர் செய்தார் என்று சொல்வார்கள். கார் நிறுத்தக் கொட்டகை உள்ள வீட்டில் வளர்ந்தார் என்பதை அழுத்திச் சொல்வதில்லை. 1976-இல் ஒரு கடைக்காரர் 50 கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். அதைக் காட்டி, பாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றிடம் 30 நாள் தவணையில் சரக்கு எடுத்தார்கள். ஆப்பிள் என்ற பெரிய கம்பெனிக்கு முதல் படி அந்த 30 நாள் கடன்தான்.

எனவே மாணவர்களுக்கு நாம் சொல்வது: யாருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்தாலும், 'இவருக்கு முதல் கடன் கொடுத்தது யார், எதை நம்பிக் கொடுத்தார்' என்று ஒரு கேள்வியைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் பல பக்கங்கள் தள்ளி இருக்கும். சில புத்தகங்களில் இருக்கவே இருக்காது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். நாமக்கல் டேங்கர் லாரியும் டிரெய்லரும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியும் இந்தியா முழுக்க ஓடுகின்றன. கிணறு வற்றும் மேட்டுக்காட்டு மக்கள் பாறையைத் துளைக்கும் இயந்திரத்தைக் கையில் எடுத்து, ராஜஸ்தான் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனது சாதாரணக் காரியம் அல்ல. கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு வண்டியில் பங்கு வாங்கி, பிறகு முதலாளி ஆனவர்கள் இங்கே உண்டு. அவர்களைக் கேட்டால் 'எல்லாம் உழைப்பு' என்பார்கள். பொய் இல்லை. திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து ஷராத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் எழுதிய நூலும் இதே பதிலைத்தான் பதிவு செய்கிறது. விவசாயக் கூலிக்காரராக, தொழிலாளியாக இருந்து முதலாளி ஆன கவுண்டர்கள் தங்கள் எழுச்சிக்கு உழைப்பையே காரணம் காட்டுவதையும், அந்த உழைப்போடு சொந்தச் சாதியின் அண்ணன் தம்பி உறவு எப்படி மூலதனமாகச் சேர்ந்தது என்பதையும் அவர் விளக்குகிறார். சீட்டு, கைமாற்று, மாமன் மச்சான் ஜாமீன், கூட்டு வண்டி என்பதெல்லாம் அதுதான். லாரி ஓட்டத் தெரிந்த அருந்ததியர் இளைஞர் நம்மிடம் ஏராளம். லாரிக்கு ஜாமீன் போட மாமன்தான் இல்லை.

நாமக்கல் – திருச்செங்கோடு சாலையில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பதினைந்து வருடமாக வெல்டிங் வேலை செய்யும் தம்பி ஒருவரை நமக்குத் தெரியும். தகட்டைத் தட்டிப் பார்த்தே கனம் சொல்லிவிடுவார். சொந்தப் பட்டறை போட வேண்டும் என்று வங்கிப் படி ஏறினார். "அண்ணா, ஜாமீனுக்கு ஆள் கேக்கறாங்க. நான் யாரைக் கூட்டிட்டுப் போறது? எங்க வளவுல எல்லாரும் எங்கிட்டதான் கைமாத்து கேக்கறாங்க" என்று சிரித்தார். அடமானத்துக்கு அவரிடம் இருப்பது அரசு கொடுத்த இலவச மனைப் பட்டா. வளவுக்குள் இருக்கும் மனையை ஊர்க்காரர் யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பது வங்கி மேலாளருக்கும் தெரியும்.

நிலம் என்று வந்தால் ஒரு தேதியைச் சொல்லாமல் போக முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையை அடுத்துப் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது 1892-இல். நாயுடு பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. பின்னாளில் அப்படி ஒதுக்கிய நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். வேறு யாருக்கும் விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். அந்த நிலம் நம் தாத்தாக்களிடம் நின்றிருந்தால், பஞ்சு வியாபாரத்தில் தோற்றுத் திரும்பும் துணிச்சல் நமக்கும் வந்திருக்கும். தோற்றுவிட்டுத் திரும்பி வர ஓர் இடம் இருப்பவன்தான் துணிந்து தோற்க முடியும். கலங்கலில் நாயுடு குடும்பத்துக்குக் காடு இருந்தது.

இயந்திரம் நம் கைக்கு அந்நியமா என்றால் அதுவும் இல்லை. மின் மோட்டார் வருவதற்கு முன் கொங்குநாட்டுக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது கவலை. எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வரும். சாலின் அடியில் உள்ள தோல் தும்பி வாய்க்காலில் வாய் திறந்து தண்ணீரை விடும். ஒரு சொட்டு ஒழுகாமல் அந்தத் தோலைப் பதப்படுத்தி, அளவெடுத்து வெட்டித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். பொறியியல் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, கூலியாக வருஷத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று அளந்தார்கள். பைக்காராவிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் மின்சாரம் வந்தது. பீளமேட்டு மோட்டார் வந்தது. கவலை நின்றது. நாயுடு கொண்டாடப்படும் அதே கண்டுபிடிப்பு, வளவில் ஒரு கைத்தொழிலை முடித்துவைத்தது. அது வரவேண்டிய மாற்றம்தான், கவலை ஓட்டிய காலத்துக்குத் திரும்ப யாரும் ஆசைப்படவில்லை. ஆனால் தண்ணீர் இறைக்கும் நுட்பம் தெரிந்த கைக்கு மோட்டார் சுற்றும் நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்க யாரும் வரவில்லை. கிணற்று மேட்டிலிருந்து இறங்கிய நம் ஆட்கள் நேராகக் கூலிக்குத்தான் போனார்கள்.

இந்த இடைவெளியை அம்பேத்கர் பார்த்திருந்தார். 1942-இல் வைஸ்ராய் லின்லித்கோவுக்குக் கொடுத்த மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் சட்டம், கலைப் படிப்புகளோடு நின்றுவிடக் கூடாது, அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க அரசு பணம் கொடுக்க வேண்டும், வெளிநாட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். உதவித்தொகையும் பெற்றுத் தந்தார். அதே காலத்தில், 1945-இல், நாயுடு கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வந்தது. பள்ளிக்குப் போகப் பிடிக்காத மனிதர், சம்பாதித்த பிறகு கல்லூரி கட்டினார் என்பதை நம் பேச்சாளர்கள் அழுத்திச் சொன்னால் நன்றாயிருக்கும். 'நாயுடு படிக்கவில்லை' என்று கேட்டுவிட்டுப் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட பையனை நாமே ராசிபுரம் பக்கம் பார்த்தோம். இப்போது கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்குகிறார். படிப்பை விடுவது சிலருக்குச் சாகசம். நமக்கு அது வளவுக்குத் திரும்பும் ஒற்றைவழிப் பாதை.

நம் பக்கம் உதாரணமே இல்லையா என்றால், மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துப் பேட் கிராமத்தைச் சேர்ந்த அசோக் காடே இருக்கிறார். அப்பா செருப்புத் தைத்தவர். மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார் காடே. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் டிப்ளமா படித்தார். நீர்மூழ்கிக் கப்பல் வேலைக்காக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து அண்ணன் தம்பிகளோடு தாஸ் ஆஃப்ஷோர் என்ற நிறுவனம் தொடங்கினார். கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்கான மேடைகளைக் கட்டும் நிறுவனம் அது. அவருக்குத் தொழில்நுட்பம் கற்றுக் கொடுத்தது பொதுத்துறை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டேன்ஸ் துரை நமக்கு வரமாட்டார். நமக்கு வந்தது அரசுத் தொழிற்சாலையும் இடஒதுக்கீடும்தான். 2019-இல் சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க முயற்சி நடந்தபோது தொழிலாளர்கள் ரோட்டுக்கு வந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே போவது சம்பளம் மட்டும் அல்ல, ஒரு காடே உருவாகும் இடமும்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'துணிந்து இறங்கு' என்பது இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் உள்ள அறிவுரை. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டு, பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. போர்வெல் வண்டிகளால் ஊரெல்லாம் பெயர் பெற்ற அதே திருச்செங்கோடுதான். தொழிலில் நட்டம் வரும் என்று பயப்படுவது எல்லா இளைஞருக்கும் உள்ள பயம். நம் பிள்ளைகள் அதற்கு மேல் இன்னொரு பயத்தையும் சுமந்துகொண்டு கல்லூரி பஸ் ஏறுகிறார்கள். எந்த வாழ்க்கை வரலாற்றிலும் அதற்கு அத்தியாயம் இல்லை.

அப்படியானால் நாயுடுவிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது? வண்டியைக் கழற்றிப் போட்ட கையை எடுத்துக்கொள்ளலாம். பழுது பார்ப்பதை இழிவு என்று நினைக்காத, பிரித்துப் பார்க்காமல் தூங்காத அந்தக் குணம் யாருடைய சாதிச் சொத்தும் அல்ல. ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி தங்கைகள் பயிற்சிக் கூடத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். மோட்டார் சுற்றுவது, லேத், இப்போது பேட்டரி வண்டி, சோலார் என்று எதையாவது ஒன்றை முழுதாகக் கைவசப்படுத்துங்கள். நம் வீடுகளில் 'வெள்ளைச் சட்டை வேலை' மேல் உள்ள மோகம் புரிந்துகொள்ளக்கூடியது, தலைமுறையாகக் கை அழுக்கானவர்கள் பிள்ளைக்குச் சுத்தமான கை வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. ஆனால் செருப்புத் தைக்கக் கட்டாயப்படுத்திய கை வேறு, நாமே தேர்ந்தெடுத்து ஸ்பேனர் பிடிக்கும் கை வேறு.

மீதியை அரசிடம்தான் கேட்க வேண்டும். கேட்க இடமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடியினர் தொடங்கும் தொழிலுக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய். வட்டியில் 6 விழுக்காடு மானியம். 55 வயது வரை விண்ணப்பிக்கலாம், படிப்புத் தகுதி கேட்பதில்லை. போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2016-இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரில் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. மத்திய அரசுத் துறைகள் வாங்கும் பொருளில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012 முதல் உள்ள விதி. அந்த 4 விழுக்காட்டை எட்டாமலேயே ஆண்டுகள் ஓடுகின்றன.

மானியம் கடனுக்குப் பின்னால்தான் வரும். கடனுக்கு வங்கி மேலாளர் கையெழுத்து வேண்டும். நம் ஆட்கள் திரும்பி வருவது அந்த மேசையிலிருந்துதான். விண்ணப்பத்தை வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தாட்கோ அலுவலகத்திலும் தொழில் மையத்திலும் விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களுக்கு நம் கோரிக்கை ஒன்றுதான். இந்த இரு மாவட்டங்களிலும் எந்தெந்த வங்கிக் கிளை, இத்திட்டங்களில், எத்தனை பேருக்கு, எவ்வளவு கொடுத்தது, எத்தனை விண்ணப்பத்தை என்ன காரணம் சொல்லித் திருப்பியது என்ற பட்டியலை, அருந்ததியருக்குத் தனியாகக் கணக்குக் காட்டி, கிளை வாரியாக வெளியிட வேண்டும். அடுத்த வங்கியாளர் கூட்டத்துக்கு முன்பே வெளியிட்டால் நல்லது. பட்டறைத் தம்பியின் விண்ணப்பம் இரண்டாவது முறையாக அங்கே காத்திருக்கிறது.